கோட்டைக்கு ஊசி எதுக்கு?

அம்மா: இன்னும் ஒண்ணு இருக்கு பாருங்க. காலருக்கு அடியில... இடது பக்கம்.

அப்பா: எங்க?

அம்மா: என் பக்கம் திரும்புங்க. இந்தா. ஆக மொத்தம் நாலு. கோட்டையைச் சுத்திப் பாக்க வர்ற மனுஷனுக்கு நாலு ஊசி எதுக்குங்க?

அப்பா: தையல்காரன் காலர்ல ஊசி இல்லாம வேற என்ன இருக்கும், ரோஜாப்பூவா?

மகள்: அப்பா, மெதுவாப் பேசுங்க. அந்த ஆபீசர் உங்களையே பாக்கறார்.

அப்பா: பாக்கட்டும். அவர் சட்டைத் தோள் ரெண்டு விரக்கடை இறங்கிக் கெடக்கு. நான் அதைப் பாக்கறேன், அவர் என் ஊசியைப் பாக்கறார். கணக்கு சரியாப் போச்சு.

மகள்: எல்லை தாண்டறப்போ கத்தி, கத்தரி, ஊசி எதுவும் கூடாதுன்னு நேத்தே சொன்னேன்ல?

அப்பா: கத்தரியைக் கடையிலயே வெச்சுட்டு வந்துட்டேனே. பெரிய கத்தரியை.

அம்மா: அப்போ சின்னது?

மகள்: அப்பா...

அப்பா: கண்ணாடிக் கூட்டுல இருக்கு. நூல் வெட்டறது. அதைப் போய்க் கத்தரின்னு சொன்னா கத்தரிக்கே கோவம் வரும்.

அம்மா: குடுங்க இப்படி. அதோ, அந்தத் தட்டுல போடணுமாம். திரும்பி வர்றப்போ தருவாங்களாம்.

அப்பா: ம்... பாஸ்போர்ட் மூணையும் குடு. கவுண்டருக்கு நானே போறேன்.

மகள்: நானும் வரேன்ப்பா. உங்களுக்கு அவங்க பாஷை தெரியாதே.

அப்பா: முத்திரை குத்தறதுக்கு என்ன பாஷை வேண்டியிருக்கு? நீ அம்மா கூட நில்லு.

மகள்: இல்ல, ஏதாவது கேட்டாங்கன்னா...

அப்பா: நில்லுன்னா நில்லு பாப்பா.

மகள்: ...போய்ட்டாரா?

அம்மா: கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ட்டார். பேசு.

மகள்: எல்லா ஊசியும் எடுத்துட்டியா? நல்லாப் பாத்தியா?

அம்மா: ராத்திரி தூங்கறப்போ சட்டையைத் தடவிப் பாத்தேன், காலையில ஒரு தடவை தடவினேன், இப்போ ஒரு தடவை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்கப்பாவை இவ்வளவு தடவினதே இல்ல.

மகள்: சும்மா இரும்மா. இன்னிக்கு ஒரு நாள் அவர் கையில ஊசி இருக்கக் கூடாது. நான் கேக்கறது அவ்வளவுதான்.

அம்மா: ஊசி இல்லன்னா உங்கப்பாவுக்கு மாப்பிள்ளை பாக்கத் தெரியாதேடி.

மகள்: அதனாலதான் சொல்றேன். பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரையும் ஊசி கோக்கச் சொல்லியே துரத்திட்டார். ஊர்ல வேற எந்த அப்பாவாவது இப்படிப் பண்ணுவாரா?

அம்மா: முதல்ல வந்தவன் வெளிச்சம் பத்தலைன்னான். அடுத்தவன் போன்ல பேசிக்கிட்டே கோத்தான். அப்புறம் வந்தவன், 'இதுக்கெல்லாம் இப்போ மெஷின் வந்துடுச்சே சார்'னான். அதோட காபியைக் கூடக் குடிக்க விடாம அனுப்பிட்டார்.

மகள்: அவங்களாவது விரல் இருக்கறவங்க. இப்போ நாம பாக்கப் போறவரோட கையைப் பாத்திருக்கியா நீ? ஒவ்வொரு விரலும் ஒரு வாழைப்பழம். போன மாசம் என் வாட்சு வாரை மாட்டி விடச் சொன்னேன். வார் தனியா அவர் கையோட வந்துடுச்சு. இவர்கிட்ட ஊசியைக் குடுத்தா என்ன ஆகும்?

அம்மா: ஊசி வளைஞ்சுடும்.

மகள்: சிரிக்காத. முதல்ல அப்பா அவரைக் கோட்டையைச் சுத்திக் காட்டற வெறும் கைடா பாக்கட்டும். கூட்டத்தோட கூட்டமா அவர் பின்னாடி சுத்தி வரட்டும். 'நல்ல பையனா இருக்கானே'ன்னு அவர் வாயாலயே ஒரு வார்த்தை வரட்டும். அதுக்கப்புறம் விஷயத்தைச் சொல்லலாம்.

அம்மா: சொல்லலாம், சரி. பூனைக்கு மணி கட்டறது யாரு?

மகள்: நீதான்.

அம்மா: ஐயையோ. நீ சொன்னதை மனசுக்குள்ள பூட்டி வெச்சிருக்கறதே எனக்குப் பெரும்பாடு.

மகள்: அப்பாகிட்ட மூச்சு விடலைல்ல?

அம்மா: நானா? என்னைப் பாத்தா அப்படியா தெரியுது?... உஷ், வர்றார்.

அப்பா: முடிஞ்சுது. குத்தினான், குடுத்தான். இதுக்குப் போய் பாஷைங்கறா. பாஸ்போர்ட்டெல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்... ஆமா, இது என்ன ஜாக்கெட்டு பாப்பா? கடைசிப் பட்டனைக் காட்டு.

மகள்: எதுக்குப்பா?

அப்பா: கறுப்பு நூல். கடையில வாங்கினியா?

மகள்: தள்ளுபடியில போட்டிருந்தாங்க. நல்லாத்தானே இருக்கு?

அப்பா: நல்லா இருக்கா, இல்லையாங்கறது வேற. நம்ம வீட்டு ஆளுங்க துணின்னா கடைசிப் பட்டன் சிவப்பு நூல்ல இருக்கணும். என் கடையில ஆயிரம் துணி தொங்குது. எது நம்ம வீட்டுது, எது வெளியார்துன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: அவ கடையில தொங்கலைங்க, பக்கத்துல நிக்கறா.

அப்பா: வீட்டுக்குப் போனதும் கழட்டிக் குடு. மாத்தித் தைக்கறேன்.

அம்மா: என் தம்பி நம்ம வீட்ல ஆறு வருஷம் சோறு தின்னான். அவன் சட்டைக்கு இன்னிக்கு வரைக்கும் கறுப்பு நூல்தான்.

அப்பா: உன் தம்பி சட்டையைத் தைச்சுக் குடுத்தா அடுத்த மாசமே கிழிச்சுட்டு வந்து நிப்பான். அவனுக்குச் சிவப்பு நூல் ஒண்ணுதான் குறைச்சல்... பஸ்ஸு கெளம்புது, ஏறுங்க.

* * *

மகள்: அதோ, நுழைவாசல்ல நீல கோட்டு போட்டு நிக்கறாரே, அவர்தான் இன்னிக்குக் கைடு.

அப்பா: எவன், அந்த நெட்டையா?

மகள்: நெட்டை இல்லப்பா. உயரம்.

அப்பா: உயரத்தோட பேருதான் நெட்டை.

அம்மா: என்னமோ கையை ஆட்டிப் பேசறாரே. என்ன சொல்றார்?

மகள்: எல்லாருக்கும் வணக்கம்ங்கறார். இந்தக் கோட்டையைக் கட்டி முடிக்க மூணு ராஜா ஆச்சாம். தாத்தா அஸ்திவாரம் போட்டாராம், மகன் சுவர் எழுப்பினாராம், பேரன்தான் கதவு வெச்சாராம்.

அப்பா: பேரன் கதவு வைக்கற வரைக்கும் எதிரி என்ன, வெளியில உக்காந்து வெத்தலை போட்டுட்டு இருந்தானா? கேளு.

மகள்: இதெல்லாம் எதுக்குப்பா...

அப்பா: கேளுங்கறேன்.

மகள்: ...கேட்டுட்டேன்.

அப்பா: நான் கேட்டது அவ்வளவு நீளம், நீ சொன்னது இத்தனூண்டு?

மகள்: அவங்க பாஷை சுருக்கம்ப்பா.

அப்பா: அவன் ஏன் நெஞ்சுல கையை வெச்சுக் குனியறான்?

மகள்: ரொம்ப நல்ல கேள்வியாம்.

அப்பா: பதில் எங்க?

மகள்: பதில்... உள்ள போகப் போகத் தெரியுமாம்.

அம்மா: இந்தாடி, காதைக் குடு. நெஜமா என்ன சொன்னே அவர்கிட்ட?

மகள்: எங்கப்பா உங்க கோட்டையைப் பாத்து வாயடைச்சுப் போய்ட்டார்னு சொன்னேன்.

அம்மா: வாயடைச்சா? உங்கப்பாவா? அவர் நம்பிட்டாரா?

அப்பா: அங்க என்ன குசுகுசு? பாப்பா, அந்தக் கோட்டை யார் தைச்சதுன்னு கேளு. கை ஒரு அங்குலம் கம்மி. மணிக்கட்டு வெளியில எட்டிப் பாக்குது.

மகள்: சீருடைப்பா அது. ஆபீஸ்ல குடுத்தது.

அப்பா: ஆபீஸ்ல குடுத்தா ஆபீஸ்காரனே போட்டுக்கட்டும். இந்தக் கையை வெச்சுட்டு எப்படித்தான் பீரங்கியைக் காட்டறானோ.

மகள்: அப்பா, இங்க வாசல் தாழ்வா இருக்கும், பாத்துக் குனி... குனிஞ்சுட்டீங்களா? எப்படித் தெரிஞ்சுது?

அப்பா: எப்படின்னா? கோட்டைன்னா உள்வாசல் தாழ்வாத்தான் வெப்பாங்க. எதிரி தலை குனிஞ்சு வரணும்ல.

அம்மா: நீங்க பேசாம நடங்க.

மகள்: ஐயோ.

அம்மா: என்னாச்சு?

மகள்: கைடு தலையை இடிச்சுக்கிட்டார்.

அப்பா: தினமும் வர்ற வாசல்ல இடிச்சுக்கறானா? ராஜா கட்டினது எதிரிக்கு, மாட்டினது இவன்.

மகள்: உயரம்ப்பா அவர்.

அப்பா: அதைத்தான் வாசல்லயே சொன்னேன், நெட்டைன்னு... நீங்க இங்கயே நில்லுங்க. நான் அந்தப் பீரங்கிக்குப் பின்னாடி போய்ட்டு வந்துடறேன்.

மகள்: எந்தப் பீரங்கி? இங்க பீரங்கியே காணோமே?

அப்பா: மூலை திரும்பினா... இருக்கும். கோட்டைன்னா பீரங்கி இருக்கும், பீரங்கின்னா பின்னாடி பாத்ரூம் இருக்கும்.

மகள்: ...அது என்ன கணக்கும்மா?

அம்மா: சர்க்கரை வந்த மனுஷனுக்கு அந்த மோப்பம் தானா வந்துடும். அதை விடு. உங்காளு ஏன் இப்படி வேர்த்து ஊத்தறார்?

மகள்: அதான் எனக்கும் புரியல. இந்தக் கதையைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இன்னிக்கு அப்பா முகத்தைப் பாக்கறப்பல்லாம் ராணி பேரை மாத்தி மாத்திச் சொல்றார். ஒரு ராணியை ரெண்டு ராஜாவுக்குக் கட்டி வெச்சுட்டார்.

அம்மா: பயமா இருக்கும்.

மகள்: பயம் மட்டும் இல்லம்மா. ஒரு வாரமா என்கிட்ட சரியாப் பேசறதே இல்ல. என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லங்கறார். பேச்சை மாத்தறார். எதையோ மறைக்கறார்.

அம்மா: அப்படியெல்லாம் இருக்காது.

மகள்: மனசு மாறிட்டாரோன்னு இருக்கும்மா. நம்ம வீட்டு ஊசிக் கதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். இந்த வீட்ல யார் மாட்டுவான்னு நெனச்சுட்டாரோ என்னமோ... எனக்கு இவர் வேணும்மா. வேற யாரும் எனக்கு வேண்டாம்.

அம்மா: அழுது தொலைக்காதடி. எல்லாரும் பாக்கறாங்க. அப்பா வர்றார், மூக்கைத் துடை.

அப்பா: என்ன சொல்றான் இப்போ? எல்லாரும் வாயைப் பொளந்து கேக்கறாங்க.

மகள்: இந்தக் கோட்டையை எந்த ராஜாவும் சண்டை போட்டுப் பிடிச்சதே இல்லையாம். வருஷக்கணக்கா முற்றுகை போட்டும் முடியலையாம். கடைசியில ஒரு நாள் கதவு தானாத் திறந்துக்கிச்சாம்.

அப்பா: தானா எப்படித் திறக்கும்?

மகள்: உள்ள இருந்து ராணியே திறந்து விட்டுட்டாங்களாம். உள்ள இருக்கற ராஜாவும் இறங்கி வரல, வெளியில நிக்கற ராஜாவும் போகல. ரெண்டு பேர் பிடிவாதத்தையும் பாத்துச் சலிச்சுப் போய்த் திறந்துட்டாங்களாம்.

அப்பா: அதானே. வெளியாளு எவனாலயும் எதுவும் பண்ண முடியாது. வீட்டுக்குள்ள இருக்கறவங்கதான் திறந்து விடுவாங்க. இல்லையா?

அம்மா: என்னை ஏன் பாக்கறீங்க? எனக்கென்ன தெரியும்? படியைப் பாத்து ஏறுங்க.

* * *

அம்மா: அப்பாடா. என்னா காத்து. இந்த மேடையிலயே உக்காந்துக்கலாம். டீ யாருக்கு?

அப்பா: எனக்குச் சர்க்கரை இல்லாம. சொல்லவே வேண்டாம், இந்த டீக்காரன் எப்படியும் சர்க்கரை போட மாட்டான்.

மகள்: உங்களுக்கு எப்படி... இருங்க, அவர் எதுக்கோ கூப்பிடறார். என்னது?... சரி சரி, குடுங்க.

அம்மா: என்னடி, கோட்டைக் கழட்டி உன் கையில குடுத்துட்டு ஓடறார்?

மகள்: அந்த வெள்ளைக்கார அம்மாவோட தொப்பி பறந்து, சுவருக்கு அந்தப் பக்கம் செடியில மாட்டிக்கிச்சாம். எடுக்கப் போறார். கோட்டு கிழிஞ்சா ஆபீஸ்ல திட்டுவாங்களாம்.

அப்பா: கோட்டு கிழியக் கூடாதாம், முழங்கால் கிழியலாமாம். போகட்டும், வரட்டும். வந்ததும் எனக்கு அவன்கிட்ட ஒரு சின்ன வேலை இருக்கு.

மகள்: என்ன வேலை?

அப்பா: என் சட்டைப் பட்டன் ஒண்ணு ஆடுது. என் கண்ணுதான் சரியாத் தெரியலையே. அவனை நூல் கோத்துத் தரச் சொல்லு.

மகள்: ஊசிக்கு எங்கப்பா போறது? அதான் எல்லாத்தையும் எல்லையில...

அப்பா: என் தொப்பி மடிப்புல ஒண்ணு இருக்கு. நூலும் இருக்கு.

மகள்: அம்மா!

அம்மா: தொப்பியை யாருடி தடவிப் பாப்பாங்க?

மகள்: நான் கோத்துத் தரேன். குடுங்க.

அப்பா: நீ வேண்டாம். அவன் கோக்கட்டும்.

மகள்: அவர் எதுக்கு? கைடுப்பா அவர்.

அப்பா: கைடு நூல் கோத்தா கோட்டை இடிஞ்சு விழுந்துடுமா?

மகள்: அவரால முடியாதுப்பா.

அப்பா: அது உனக்கு எப்படித் தெரியும்?

அம்மா: டீ ஆறுது.

மகள்: தெரியும்ப்பா. எனக்கு அவரை ஒரு வருஷமாத் தெரியும். எங்க சரக்கு ஆபீஸ் வழியாத்தான் இந்தக் கோட்டையில இருக்கற இவங்க கடைக்குக் கோட்டை பொம்மையெல்லாம் பார்சல் வரும். ஒரு தடவை எல்லாம் உடைஞ்சு வந்துச்சு. எல்லையைத் தாண்டி வந்து என்கிட்ட காட்டுக்கத்தல் கத்தினார். அப்புறம் தப்பு எங்க மேல இல்லன்னு தெரிஞ்சுது. மறுநாளே அவ்வளவு தூரம் பஸ் பிடிச்சு வந்து, வரிசையில நின்னு, என் ஜன்னல் முன்னாடி மன்னிப்பு கேட்டார். போன்லயே சொல்லியிருக்கலாம்ல? எங்க ஆபீஸ்ல கத்தினவங்க நூறு பேர். திரும்பி வந்தது இவர் ஒருத்தர்தான்.

அப்பா: ம்.

மகள்: அவருக்கு ஊசி கோக்க வராது. நீங்க குடுத்தா கீழ போடுவார், தேடுவார், கையைக் குத்திக்குவார். அதைப் பாத்துட்டு நீங்க வேண்டாம்னு சொல்லிடுவீங்க. மனுஷனைப் பாக்காம விரலைப் பாத்துச் சொல்லிடுவீங்க. அதுக்குப் பயந்துதான் இங்க கூட்டிட்டு வந்தேன். நான் கட்டிக்கிட்டா அவரைத்தான் கட்டிப்பேன்ப்பா. சொல்லிட்டேன். இனிமே என்ன பண்ணணுமோ பண்ணுங்க.

அம்மா: ஏங்க, ஏதாவது பேசுங்க.

அப்பா: பேசறேன். முதல்ல அந்தக் கோட்டை உதறி ஒழுங்கா மடிச்சு வெக்கச் சொல்லு. மடியில போட்டுக் கசக்கிட்டு இருக்கா.

மகள்: இப்பக்கூட உங்களுக்குத் துணிதான்... சரி, மடிக்கறேன். இதோ, தோளைத் தோளோட சேத்து, கையை உள்ள விட்டு, பட்டனைப் போட்டு...

அம்மா: என்னடி நிறுத்திட்டே?

மகள்: அப்பா... இந்தக் கடைசிப் பட்டன்.

அப்பா: என்ன அதுக்கு?

மகள்: சிவப்பு நூல்.

அம்மா: காட்டு, காட்டு... அடப்பாவி மனுஷா. இதை என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க.

மகள்: இதைச் சொல்லலையா? அப்போ வேற எதைம்மா சொன்னார்?

அம்மா: போன வாரம் நூல் எடுக்க மொத்தக் கடைக்குப் போறேன்னு போனார்ல...

மகள்: இங்க வந்தாரா? அதனாலதான் பாஸ்போர்ட்டை என் கண்ணுல காட்டாம நீங்களே தூக்கிட்டுப் போனீங்களா? பழைய முத்திரையைப் பாத்துடுவேன்னு? வாசல்ல குனிஞ்சது, பீரங்கி, பாத்ரூம், சர்க்கரை இல்லாத டீ...

அப்பா: டீ போன வாரமும் இதே லட்சணம்தான்.

மகள்: யார் சொன்னா உங்களுக்கு? நான் அம்மாகிட்ட மட்டும்தானே... ஓ. பிள்ளையையும் கிள்ளி விட்டு, தொட்டிலையும் ஆட்டியிருக்க நீ.

அம்மா: பின்ன என்னடி பண்ணச் சொல்றே? நீயும் சொல்ல மாட்டே, அவரும் கேக்க மாட்டார். யாராவது ஒருத்தர் கதவைத் திறந்து விடணும்ல?

மகள்: ஊசி குடுத்தீங்களாப்பா?

அப்பா: குடுக்காம? இதே மேடையிலதான் உக்காந்தோம். உன் போன்ல என் போட்டோவைப் பாத்திருப்பான் போல, பாத்த உடனே அடையாளம் கண்டுக்கிட்டான். முகம் வெளுத்துப் போச்சு. நான் ஒண்ணும் பேசல. ஊசியையும் நூலையும் நீட்டினேன்.

மகள்: கோத்தாரா?

அப்பா: எங்க கோக்கறது? என் டீயும் ஆறிப் போச்சு, அவன் டீயும் ஆறிப் போச்சு. அடுத்த கூட்டம் வந்து நின்னு வேடிக்கை பாக்க ஆரம்பிச்சுடுச்சு. ஆனா வெளிச்சத்தைக் குத்தம் சொல்லல, ஊசியைக் குத்தம் சொல்லல, எதுக்கு இதெல்லாம்னு முகம் சுளிக்கல. கடைசியில டிக்கெட் குடுக்கற அம்மாகிட்ட போய், அந்த ஜன்னல் உசரத்துக்குக் குனிஞ்சு நின்னு, கோத்துக் குடுங்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்து, ரெண்டு கையாலயும் என்கிட்ட குடுத்தான். அதே ஊசியாலதான் அவன் கோட்டோட கடைசிப் பட்டனைத் தைச்சேன்.

மகள்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவர்.

அப்பா: வாயில விரலை வெச்சுக் காட்டிட்டு வந்தேன். எப்படியும் உன்கிட்ட சொல்லிடுவான்னுதான் நெனச்சேன். உங்கம்மாகிட்ட ஒரு நாள் தங்காத விஷயம் அவன்கிட்ட ஒரு வாரம் தங்கிருக்கு.

அம்மா: ஆமா, எல்லாத்துக்கும் நான்தான் கெடைச்சேன்.

மகள்: எல்லாம் தெரிஞ்சும் காலையில இருந்து என்னை இப்படி அலைய விட்டீங்களேப்பா.

அப்பா: நீயா வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்வியான்னுதான் காத்துட்டு இருந்தேன். ஒரு ஊசிக்குப் பயந்துட்டு அப்பன்கிட்ட சொல்லாம இருந்துட்டியே. எனக்கு அது எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?

மகள்: ...தப்புதான்ப்பா. ஆனா அவர் ஊசியில தோத்துட்டாருல்ல?

அப்பா: சுத்தமாத் தோத்துட்டான்.

அம்மா: அப்புறம் எதுக்குங்க சிவப்பு நூல்? என் தம்பிக்கு ஆறு வருஷமா...

அப்பா: உன் தம்பியை விடு. இந்தக் கோட்டுக்குக் கை ஒரு அங்குலம் கம்மியா இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி எப்படியும் என் கடைக்கு வந்துதான் ஆகணும். தொங்கற ஆயிரம் துணியில எது நம்ம வீட்டுதுன்னு அப்போ எனக்குத் தெரிய வேண்டாமா?